யேகோவாயீரே... வேன் கண்ணாடியில் இருக்கும் அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் தெரியுமா?

போன மழை சீசன்ல ஒகேனக்கல் போயிருந்தேன். போன நேரம் சரியில்லை. காவிரியில் நீர்வரத்து கூடிவிட்டதால் பரிசல் ஓட்டத் தடை. பரிசல்களை எல்லாம் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். மீன் வறுக்கிற கடைகளிலும் கூட்டம் இல்லை.

டீக்கடை ஓரமாக ஒரு டூரிஸ்ட் வேன் நின்றிருந்தது. முன்கண்ணாடியில் பெரிய மஞ்சள் எழுத்தில் 'யேகோவாயீரே'. நீங்களும் ஆட்டோ, லாரி, மளிகைக்கடை போர்டு என்று எங்காவது இதைப் பார்த்திருப்பீர்கள். "அப்படின்னா என்ன அர்த்தம்ணா?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

"கர்த்தர் எல்லாம் கொடுப்பார்னு அர்த்தம் தம்பி" என்றவர், கொஞ்சம் விட்டு, "இந்த மாசம் டியூ கட்டணும். பெங்களூர்ல இருந்து வர வேண்டிய ரெண்டு ட்ரிப்பும் கேன்சல்" என்றார்.

அவர் சொன்ன அர்த்தம் தப்பில்லை. ஆனால், எபிரேய மொழியில் அந்த வார்த்தைக்குள் 'கொடுப்பது' கிடையாது. 'பார்ப்பது'தான் இருக்கிறது.

முதல் பாதியான 'யேகோவா'வைப் பார்ப்போம். எபிரேயத்தில் இது யோத், ஹே, வாவ், ஹே என நான்கே எழுத்துகள். அந்தக் காலத்து எபிரேயத்தில் மெய்யெழுத்துகளை மட்டும்தான் எழுதுவார்கள். தமிழில் அப்படி 'ப்ட்ம்' என்று எழுதினால் படமா, பாடமா, பீடமா? பேசுகிறவர்களுக்குத் தெரியும், அதனால் பிரச்னை இல்லை. ஆனால் இந்தப் பெயரை யூதர்கள் மரியாதை காரணமாக உச்சரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். எழுத்தில் அது வரும் இடத்தில் 'அதோனாய்', அதாவது 'என் ஆண்டவர்' என்று வாசித்தார்கள். இன்றும் அப்படித்தான்.

பின்னாளில் உயிர்க்குறிகள் சேர்த்த அறிஞர்கள், 'இங்கே அதோனாய் என்று படி' என்று ஞாபகப்படுத்த, அந்தச் சொல்லின் உயிர்க்குறிகளை இந்த நான்கு எழுத்துகளோடு போட்டு வைத்தார்கள். விஷயம் தெரியாத ஐரோப்பியர்கள் இரண்டையும் சேர்த்தே படிக்க, பிறந்ததுதான் 'யேகோவா'. ஒரு பெயரின் மெய், இன்னொரு சொல்லின் உயிர்! உண்மையான உச்சரிப்பு 'யாவே' போல இருந்திருக்கும் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. கத்தோலிக்க வழிபாட்டில் அப்படிச் சொல்ல வேண்டாம் என்று 2008-ல் வத்திக்கானே கடிதம் அனுப்பியது. பழைய தமிழ் பைபிளில் இந்தப் பெயர் பெரும்பாலும் 'கர்த்தர்', 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் 'ஆண்டவர்'. இரண்டுமே 'அதோனாய்' வழியில் வந்தவைதான். பெயரின் வேர், 'இரு' என்ற வினைச்சொல்லோடு தொடர்புடையது என்பார்கள். ஏறத்தாழ, 'இருக்கிறவர்'.

அடுத்தது 'யீரே'. இதற்குப் 'பார்ப்பார்' என்று அர்த்தம். வருவது ஆதியாகமம் 22-ம் அதிகாரத்தில். ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலி கொடுக்க மலைக்கு அழைத்துப் போகிறார். (பக்ரீத் நினைவுகூர்வதும் இப்ராஹிம் நபியின் இந்தத் தியாகத்தைத்தான். அங்கே மகன் இஸ்மாயில் என்பது பரவலான நம்பிக்கை.) விறகைச் சுமந்து வரும் பையன், "ஆடு எங்கேப்பா?" என்று கேட்கிறான். உண்மையைச் சொல்ல முடியாத அப்பா, கடவுள் பார்த்துக்கொள்வார் என்கிறார். கடைசி நொடியில் கை தடுக்கப்படுகிறது. புதரில் கொம்பு மாட்டிக்கொண்ட ஒரு ஆட்டுக்கடா கண்ணில் படுகிறது. அந்த இடத்துக்கு ஆபிரகாம் வைத்த பெயர்தான் யேகோவாயீரே.

ஆமாம், கண்டிப்பாகச் சொன்னால் இது கடவுளின் பெயர் அல்ல. ஒரு மலையின் பெயர். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை, 'கல்' என்றால் பாறை; கண்ட காட்சியே ஒகேனக்கல் ஆனது மாதிரி, நடந்த சம்பவமே அந்த மலைக்குப் பெயராகிவிட்டது. இன்னொரு சுவாரஸ்யம், அதே வசனத்தில் அதே மெய்யெழுத்துகள் மறுபடி வருகின்றன. உயிர் மட்டும் மாறி, 'காணப்படும்' என்று அர்த்தம் தருகிறது.

ஆங்கிலத்தில் இதை 'தருவார்' என்ற பொருளில் மொழிபெயர்த்தார்கள். கன்வென்ஷன் கூட்டங்கள், பாடல்கள் வழியாக நம் ஊரிலும் அதுவே பரவியது. ஆனால் நமக்கு அந்தச் சுற்றுவழி தேவையே இல்லை. தமிழில் 'பார்' என்றால் காண்பது, 'பார்த்துக்கொள்' என்றால் பொறுப்பேற்பது. எபிரேயத்திலும் அதே கதைதான். கன்னடத்தில் 'நோடிக்கொள்', தெலுங்கில் 'சூசுக்கோ' என்று அக்கம்பக்கத்து மொழிகளிலும் கண்ணிலிருந்துதான் கவனிப்பு வருகிறது. 'தருவார்' என்றால் பொருள் கைக்கு வர வேண்டும். 'பார்த்துக்கொள்வார்' என்பதில் எது, எப்போது, எவ்வளவு என்ற கணக்கே கிடையாது. வேன் டியூ விஷயத்தில் இது பெரிய வித்தியாசம்!

இதையெல்லாம் டிரைவரண்ணாவிடம் சொன்னேன். "அப்போ பணம் வரும்னு அர்த்தம் இல்லையா?" என்று சிரித்தார். "பாத்துக்குவார்னுதான்ணா இருக்கு."

"எங்கம்மாவும் அதத்தான் சொல்லும்" என்றவர், டீ கிளாஸை வைத்துவிட்டு போனை எடுத்து ஃபைனான்ஸ்காரருக்கு டயல் செய்தார்.

"சார், ஆத்துல தண்ணி இறங்கல. ஒரு வாரம் பாத்துக்கங்க சார்..."