நோயாளி வண்டே தென்னைக்குக் காவல்

"அய்யா, எங்கள் எருக்குழியில் கட்டைவிரல் தடிமனுக்கு வெள்ளைப் புழுக்கள் நெளிகின்றன. பூச்சி மருந்தை ஊற்றிவிடலாமா?" அம்பாசமுத்திரம் பக்கத்து வாசகி ஒருவரின் கேள்வி இது.

அம்மா, அவசரப்பட வேண்டாம். அவை காண்டாமிருக வண்டின் புழுக்கள். வளர்ந்த வண்டு இரவில் பறந்து போய்த் தென்னங்குருத்தைக் குடையும். பிறகு விரியும் ஓலை கத்தரியால் வெட்டியது போல இருக்கும். இளங்கன்றில் குருத்து போனால் கன்றே போய்விடும். தாமிரபரணிக் கரைத் தோப்புகளில் தென்னையும் எருக்குழியும் அடுத்தடுத்து இருப்பதால் வண்டுக்குத் தீனியும் பேறுகால வீடும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன.

இந்த வண்டுக்கு ஓர் எதிரி உண்டு. 1963-ல் மலேசியாவில் ஹூகர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, வண்டுப் புழுக்களைக் கொல்லும் ஒரு வைரஸைக் கண்டறிந்தார். 1967-ல் சமோவா தீவில் விட்டபோது அது தானாகவே பரவி, வண்டின் சேதத்தைக் குறைத்தது. நம் நாட்டில் மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இதை ஆராய்ந்தது. லட்சத்தீவின் மினிக்காய் தீவில் 1983-ல் விடப்பட்டது.

அது பரவும் விதம்தான் அருமை. வைரஸ் வண்டின் குடலில் பெருகும். அறுத்துப் பார்த்தால் குடல் வீங்கிப் பால்போல் வெளுத்திருக்கும். நோய் கண்ட வண்டு உடனே சாகாது; பறந்து திரியும். குருத்திலும் எருக்குழியிலும் அது போடும் எச்சத்தில் வைரஸ் இருக்கும். அங்கே தின்ன வரும் வண்டுக்கும், இணை சேரும் வண்டுக்கும், குழியிலுள்ள புழுவுக்கும் தொற்றும். நோயுற்ற வண்டு குறைவாகத் தின்னும், முட்டையும் குறைவாகவே இடும். மனிதருக்கோ ஆடுமாட்டுக்கோ இதனால் தீங்கில்லை.

வெட்ட வெளியிலும் வெயிலிலும் இந்த வைரஸ் நெடுநாள் தாங்காது. உயிருள்ள வண்டுதான் அதற்கு வாகனம். எருக்குழியில் மருந்து ஊற்றினால் அந்த வாகனமும் போய்விடும்; மருந்து கலந்த எருவே வயலுக்கும் வரும்.

செய்ய வேண்டியவை:

• குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். ஈரமுள்ள எருவில் மெட்டாரைசியம் பூஞ்சாணம் இடலாம்.
• பட்டுப்போன மரத்தையும் அடிக்கட்டையையும் அப்புறப்படுத்துங்கள்.
• கன்றுகளில் வண்டைக் கம்பிக் கொக்கியால் எடுங்கள். வேப்பம் பிண்ணாக்குத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் உள் மூன்று ஓலையிடுக்குகளில் இடுங்கள்.
• வைரஸ் ஏற்றிய வண்டுகளை எக்டேருக்கு 15 வீதம் விடுவது பரிந்துரை. வீட்டில் இதைத் தயாரிக்க முடியாது. வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

வண்டுக்கு வரப்பு தெரியாது. ஊர் சேர்ந்து கேட்டால்தான் பலன் முழுதாகக் கிடைக்கும்.