காமிரா எழுதும் கணக்கேடு

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வடசென்னைச் சாலையில் சரக்குப் பெட்டி லாரிகள் அணிவகுத்து நிற்பதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். தெற்கே, 1881-இல் இயங்கத் தொடங்கிய சென்னைத் துறைமுகம். வடக்கே, 2001-இல் திறக்கப்பட்டு இன்று காமராசர் பெயரைத் தாங்கும் எண்ணூர்த் துறைமுகம். இவ்வளவு சரக்கு நடமாடும் வட்டாரத்தில் கண்காணிப்புக் காமிரா இருப்பதில் வியப்பில்லை. அக்காமிராவின் பின்னே வளரும் ஒரு கணக்கேட்டைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இக்காலத்துக் காமிரா படம் பிடிப்பதோடு நிற்பதில்லை. அதனோடு இணைந்த கணிப்பொறி, கண்டதைக் குறித்தும் வைக்கிறது: இன்ன நேரம், இன்ன இடம், லாரி ஒன்று, அதன் எண் இன்னது. இக்குறிப்புகள் தரவுத்தளத்தில் வரிவரியாகச் சேர்கின்றன. படம் இடத்தை அடைப்பது. ஆகவே பழையதன்மேல் புதியது பதிவாகிவிடும். குறிப்போ சிறிது. சிறியதுதானே என்று விட்டுவிடுவதால் அதுவே மலையாகிறது.

கணக்கிட்டுப் பார்ப்போம். விநாடிக்கு 25 படம் எடுக்கும் ஒரு காமிரா, படத்துக்கு ஒரு வரி எழுதினால், நாளொன்றுக்கு 21,60,000 வரிகள். எதிரே பத்து லாரிகள் இடையறாது நின்றால் 2 கோடியே 16 லட்சம்! ஒவ்வொரு வரியையும், விரைந்து தேடுவதற்கான அட்டவணையிலும் சேர்க்க வேண்டும். அட்டவணை நினைவகத்தில் அடங்காமல் பெருத்தால் எழுதுவதும் தேடுவதும் மந்தமாகிவிடும்.

வழி என்ன? வாயிலில் பேரேடு வைத்திருக்கும் எழுத்தர், "லாரி நிற்கிறது, இன்னும் நிற்கிறது" என்று விநாடிதோறும் எழுதுவாரா? வந்த நேரம் ஒன்று, போன நேரம் ஒன்று; அவ்வளவே. கணிப்பொறியும் அவ்வாறே லாரிக்கு ஒரு வரி எழுதினால் போதும். இது முதல் வழி.

இரண்டாவது, நாளுக்கு ஓர் ஏடு. எல்லா நாட்களையும் ஒரே ஏட்டில் எழுதினால், பழைய வரிகளை ஒவ்வொன்றாகத் தேடி அழிக்க வேண்டும். நாள்வாரியாகப் பிரித்து வைத்தால், தவணை முடிந்த ஏட்டை ஒரே முறையில் அகற்றிவிடலாம். வழக்குக்கோ விசாரணைக்கோ வேண்டிய வரிகளை மட்டும் முன்னதாகத் தனியே எடுத்து வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, சுருக்கம். எந்த மணியில் எத்தனை லாரிகள், எவ்வளவு நேரம் காத்திருந்தன என்ற தொகை, நெரிசலைத் தீர்க்கத் திட்டமிடுவோர்க்குப் போதும். அதற்கு வண்டியின் எண் எதற்கு?

இங்கேதான் இது வெறும் இடவசதிப் பிரச்சினை அன்று என்பது விளங்கும். ஒரு வண்டி எண்ணின் ஓராண்டுக் குறிப்புகளைக் கோத்தால், அதை ஓட்டும் தொழிலாளி எங்கே நின்றார், எப்போது வீடு திரும்பினார் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. சேர்த்த நோக்கம் நிறைவேறியதும் தனிமனிதர் தரவை அழிக்க வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கொள்கை. அரசுக்கு அதில் விலக்குகள் உண்டு.

ஆகவே, நாளைய பொறியாளர்களாகிய நீங்கள் ஒரு தரவுத்தளத்தை வகுக்கும்போது, எதை எழுதுவது என்று தீர்மானிக்கும் அன்றே, அதை எந்நாளில் அழிப்பது என்பதையும் எழுதி வையுங்கள்.