ரம்பம் பாடும், கிதார் சும்மா இருக்கும்

ஒசாகாவின் நகைச்சுவை மேடைகளில் பல்லாண்டுகள் கைதட்டல் வாங்கிய ஒரு கருவி, தச்சர் மரம் அறுக்கும் ரம்பம். யோகோயாமா ஹாட் பிரதர்ஸ் என்ற சகோதரர்கள் குழுவில் மூத்தவரான அகிரா ஒரு கையால் ரம்பத்தை வளைத்துப் பிடிப்பார். மறு கையில் இருக்கும் சிறு கொட்டுக்கழியால் அதன் தகட்டைத் தட்டுவார். தட்டியபடியே வளைவைக் கூட்டிக் குறைக்க, ஒலி ஏறி இறங்கி, ஒசாகாக்காரர் ஒருவர் "ஏன்டா, நீ முட்டாளா?" என்று இழுத்துக் கேட்பதுபோலவே காதில் விழும். அரங்கம் வெடித்துச் சிரிக்கும். கை கொஞ்சம் பிசகி ஸ்வரம் தப்பினால் அது வெறும் தகரச் சத்தம். சுருதி சரியாக நின்றால்தான் சிரிப்பு.

ஜப்பானில் இசையையும் நகைச்சுவையையும் சேர்த்துப் பிழைத்த குழுக்களின் கதை நெடுக இந்த ஒன்றைக் காணலாம். அவர்கள் கோமாளித்தனம் செய்தது வாசிக்கத் தெரியாமல் அல்ல.

1937இல் தோக்கியோவின் அசாகுசா பகுதியில் உருவான 'அகிரேத்தா பாய்ஸ்' இந்த மரபின் முன்னோடி. கவாதா யோஷியோவும் அவருடன் மூன்று பேரும். உள்ளூர்க் கதைப்பாட்டான நானிவாபுஷியில் தொடங்குவார்கள், நடுவில் ஜாஸுக்குத் தாவுவார்கள், அப்படியே கார்ட்டூன் பொப்பாயின் குரலில் முடிப்பார்கள். பெயர்களிலேயே விளையாட்டு: ஒருவர் பஸ்டர் கீட்டனை ஜப்பானியமாக்கி மசுதா கீத்தொன் ஆனார்; இன்னொருவர் பிரெஞ்சுப் பாடகர் ஷெவாலியேவை உருமாற்றி ஷிபா ரியே ஆனார். அந்த ஷிபா ரியேவைப் போர் கொண்டுபோய்விட்டது. அமெரிக்க, பிரிட்டிஷ் இசையே எதிரியின் இசை என்று விலக்கப்பட்ட ஆண்டுகளில் இப்படிப்பட்ட கலவைக்கு இடம் ஏது?

போர் முடிந்ததும் நிலைமை தலைகீழானது. நாடெங்கும் அமெரிக்கப் படை முகாம்கள். அங்கே வாசிக்க ஆள் வேண்டும், காசும் கிடைக்கும். ஜப்பானின் ஒரு தலைமுறை ஜாஸ் கலைஞர்கள் தேர்ந்தது அந்த முகாம்களில்தான். அங்கிருந்து வந்த டிரம்ஸ் கலைஞர் ஃப்ராங்கி சகாய், பாட்டுக்கு நடுவே துப்பாக்கிச் சத்தமும் கார் ஹாரனும் நுழைக்கும் அமெரிக்கர் ஸ்பைக் ஜோன்ஸைப் பின்பற்றி 1954இல் 'சிட்டி ஸ்லிக்கர்ஸ்' குழுவைத் தொடங்கினார். அதில் கிதார் வாசித்த உவேகி ஹிதோஷியும் டிராம்போன் வாசித்த தானி கெய்யும் பிறகு போய்ச் சேர்ந்த இடம்தான் ஜப்பானியச் சிரிப்பிசையின் உச்சம்: ஹானா ஹஜிமேயும் கிரேஸி கேட்ஸும்.

1955இல் தொடங்கிய இந்தக் குழுவில் பின்னாளில் ஏழு பேர். பியானோக்காரர் இஷிபாஷி நோய்வாய்ப்பட்டபோது சகுராய் சென்ரி வந்தார். இஷிபாஷி குணமாகித் திரும்பிய பிறகும் யாரையும் அனுப்ப மனமில்லை. ஆகவே ஒரே குழுவில் இரண்டு பியானோக்காரர்கள். அதையும் வேடிக்கையாக்கிக்கொண்டார்கள். தானி கெய் ஜாஸ் ரசிகர்கள் மதித்த டிராம்போன் கலைஞர். ஹானா ஹஜிமே டிரம்ஸில் தாளத்தைக் கட்டிப் பிடிக்க, மற்றவர்கள் அதை ஒரு நொடி முன்னேயோ பின்னேயோ தவறவிடுவார்கள். தாளம் கெட்டியாக நிற்பதால்தான் அந்தத் தவறு தெரிகிறது, சிரிப்பும் வருகிறது. 1961இல் தொடங்கிய 'ஷபொந்தாமா ஹாலிடே' தொலைக்காட்சி நிகழ்ச்சி, இரட்டைச் சகோதரிகளான 'தி பீனட்ஸ்' பாடகியரோடு இவர்களையும் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது.

அதே ஆண்டு வந்த 'சூதரா புஷி' பாட்டின் பின்னணி தனியே சொல்ல வேண்டியது. ஒரே ஒரு கிளாஸ் என்று தொடங்கிவிட்டுக் கடை கடையாக ஏறிக் குடிப்பவன், குதிரைப் பந்தயத்தில் போனஸைத் தொலைப்பவன். தப்பென்று தெரிந்தும் விட முடியாதவனின் பாட்டு அது. எழுதியவர் அவோஷிமா யூகியோ. பிற்காலத்தில் தோக்கியோவின் ஆளுநரானவர். பாட வேண்டிய உவேகிக்கோ தயக்கம். அவர் குடிக்காதவர், ஒழுங்கானவர், முறையாகக் குரல் பயின்றவர். தந்தை தெத்சுஜோ பௌத்த மதகுரு. போரையும் ஒடுக்குமுறையையும் எதிர்த்துச் சிறை சென்றவர். தந்தை சிறையில் இருந்த நாள்களில் சிறுவன் உவேகியே துறவி உடை போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பிரார்த்தனை ஓதினான். அப்படிப்பட்ட அப்பாவிடம் இந்தப் பாட்டைப் பாடிக் காட்டினால் திட்டுதான் விழும் என்று எதிர்பார்த்தார் மகன். தந்தையோ, தவறென்று அறிந்தும் விட முடியாத மனித இயல்பைத்தான் நம் குரு ஷின்ரானும் பேசினார், தயங்காமல் பாடு என்றார். பாட்டு நாட்டையே பிடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டே உவேகி, பொறுப்பே இல்லாத அலுவலக ஊழியராக நடித்த 'நிப்பொன் முசெகினின் ஜிதாய்' படம் வந்தது. பொருளாதாரம் ஏறுமுகத்தில் இருந்த காலத்தில் ஓயாமல் உழைத்த மக்களுக்கு அந்தச் சோம்பேறியைப் பார்ப்பதே பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்.

கிரேஸி கேட்ஸின் தம்பிகள் 'தி டிரிஃப்டர்ஸ்'. தலைவர் இகாரியா சோசுகே பேஸ் கிதார், காத்தோ சா டிரம்ஸ், தகாகி பூ கிதார். 1966இல் பீட்டில்ஸ் தோக்கியோவின் புடோகானில் பாடியபோது, முன்னதாக மேடையேறிய ஜப்பானியக் குழுக்களில் இவர்களும் உண்டு. ஒரு ராக் அண்ட் ரோல் பாட்டை அவசரமாக முடித்துவிட்டு மேடையை விட்டே ஓடிப்போனார்கள்.

1969 முதல் 1985 வரை சனிக்கிழமை இரவு எட்டு மணி அவர்களுடையது. 'ஹாச்சிஜி தா யோ! சென்இன் ஷூகோ' என்ற அவர்களின் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஊர் ஊராகப் பொது அரங்குகளிலிருந்து நேரலையாக வந்தது. 1973இல் பார்வையாளர் வீதம் 50.5 சதவீதத்தைத் தொட்டது. பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று பெற்றோர் சங்கங்கள் புகார் சொன்னன. பிள்ளைகள் தொலைக்காட்சியை விட்டு நகரவில்லை. 1974இல் குழுவில் இடம்பிடித்த ஷிமுரா கென், அமெரிக்க சோல் இசைத்தட்டுகளைத் தேடித் தேடிக் கேட்டவர். டெடி பெண்டர்கிராஸ் பாட்டு ஒன்றின் பேஸ் ஒலியை எடுத்து, அது திரும்பத் திரும்ப ஓட, அவரும் காத்தோவும் மீசை ஒட்டி, வால்கோட்டு அணிந்து, ஒரு சொல் பேசாமல் வித்தை காட்டுவார்கள். அந்த 'மீசை நடனம்' நாடு முழுவதும் பரவியது. பேச்சே இல்லாத அந்தச் சிரிப்பைச் சுமந்தது பேஸ் கிதார்தான்.

நேரலை என்றால் என்ன என்பதை 1984 ஜூன் 16 காட்டியது. சைத்தாமா மாகாணத்தின் இருமா அரங்கில் ஒளிபரப்பு தொடங்கும் நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. இருட்டில் கைவிளக்கு வெளிச்சத்தில் இகாரியா சமாளித்தார். விளக்கு எரிந்ததும், எட்டு மணி என்று தொடங்கும் வழக்கமான அறிவிப்பை, "எட்டு மணி ஒன்பதரை நிமிடம்" என்று மாற்றிக் கூவி நிகழ்ச்சியைத் தொடங்கினார். பல வருட ஒத்திகை இல்லாமல் அப்படி ஒரு வரி அந்த நொடியில் வாயில் வராது.

இன்றைய வாரிசு, 2004இல் தொடங்கிய 'கோல்டன் பாம்பர்'. இவர்கள் எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டவர்கள். கிரியூயின் ஷோ பாடுவார், பாட்டும் அவரே எழுதுவார். மற்ற மூவரும் கிதார், பேஸ், டிரம்ஸ் வாசிப்பதுபோல நடிப்பார்கள். வாசிக்காததை அவர்கள் ஒளிப்பதே இல்லை. வாசிக்க வேண்டாம் என்பதால் கைகள் ஓய்வாக இருக்கின்றன. தனி வாசிப்பு வர வேண்டிய இடத்தில் ஒருவர் தர்பூசணியை அவசரமாகக் கடித்துத் தின்பார். வேஷமும் மேக்கப்பும் அலங்கார ராக் குழுக்களை அப்படியே உரித்துவைத்தவை. ஆனால் பாட்டு உண்மையிலேயே நல்ல பாட்டு. 'மெமெஷிகுதே' கரோக்கே அறைகளில் ஆண்டுக்கணக்கில் முன்னணியில் இருந்தது. 2012 முதல் 2015 வரை என்எச்கேயின் ஆண்டிறுதிப் பாட்டு விழாவில் நான்கு முறையும் இதே பாட்டுத்தான்.

2019 ஏப்ரல் 1 அன்று ஜப்பானின் புதிய பேரரசர் சகாப்தத்தின் பெயர் அறிவிக்கப்பட இருந்தது. அந்தப் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாட்டைக் கோல்டன் பாம்பர் முன்கூட்டியே தயாரித்து, பெயர் வரும் இடத்தை மட்டும் காலியாக விட்டு நடனத்தையும் படமாக்கி வைத்திருந்தார்கள். 'ரெய்வா' என்று அரசு அறிவித்ததும் கிரியூயின் அந்தச் சொல்லைப் பாடிச் சேர்த்தார். வீடியோ அன்றைக்கே வெளியானது.