இரண்டு சக்கரமும் ஒரு சங்கிலியும்

மனிதன் படைத்த பொறிகளுள் பெரும்பாலானவை அவனுடைய உழைப்பைத் தாம் ஏற்றுக்கொண்டு அவனை ஓய்ந்திருக்கச் செய்பவை. மிதிவண்டி அத்தகையது அன்று. அது நம் உழைப்பைப் பறித்துக்கொள்வதில்லை. அதே உழைப்பை ஐந்து மடங்கு தொலைவுக்கு நீட்டித் தருகிறது. எண்ணெயும் மின்சாரமும் வேண்டாமல், உண்ட சோற்றின் வலிமையைக் கொண்டே ஓடும் இந்த ஊர்தியைப் பற்றி மாணவ நண்பர்களுக்குச் சில செய்திகள் சொல்ல விரும்புகிறேன். சென்ற ஆண்டு, என் அறுபத்தைந்தாம் வயதில், புதிய மிதிவண்டி ஒன்றை வாங்கினேன். அதன்மீது ஏறி அமர்ந்த நாள் முதல் எய்திவரும் இன்பமே இப்பேச்சுக்குக் காரணம். ஆயினும் நெடுங்காலம் பள்ளியில் கணக்கும் பௌதிகமும் கற்பித்தவன் நான். இன்பம் ஒன்று வாய்த்தால், அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்க்கும் பழக்கம் என்னை விட்டு நீங்கவில்லை.

ஐந்து மடங்கு என்றது உயர்வு நவிற்சி அன்று. 1973ஆம் ஆண்டில், ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். எஸ். வில்சன் என்னும் அறிஞர் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் மிதிவண்டியைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதினார். விலங்கு, பறவை, மோட்டார் வண்டி, விமானம் ஆகியவை தம் எடையின் ஒவ்வொரு கிராமையும் ஒரு கிலோமீட்டர் கொண்டு செல்ல எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகின்றன என்று அதில் ஒப்பிட்டுக் காட்டினார். மிதிவண்டியில் செல்லும் மனிதனுக்கே முதலிடம் கிடைத்தது. நடக்கும் மனிதன் செலவிடுவதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே அவனுக்குப் போதும். காரணம் எளியது. நடக்கையில் ஒவ்வோர் அடிக்கும் உடலைச் சற்றே உயர்த்துகிறோம், பின் தாழ்த்துகிறோம். நிற்பதற்கே தசைகள் உழைக்க வேண்டியிருக்கிறது. மிதிவண்டியிலோ உடலின் பாரத்தை இருக்கை தாங்கிக்கொள்கிறது. உடலிலேயே வலிய தசைகளாகிய தொடைத் தசைகள், வேறு வேலை இன்றி, முன்செல்வதற்கு மட்டுமே உழைக்கின்றன. துருவும் புழுதியும் இல்லாத சங்கிலி, மிதியில் நாம் இடும் ஆற்றலில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் பின்சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. மோட்டார் எந்திரமோ, எண்ணெயின் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வெளியே விட்டுவிடுகிறது.

இந்த வடிவம் ஒரே நாளில் வந்ததன்று. 1817ஆம் ஆண்டில், ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டி மரவண்டி ஒன்று செய்தார். அதற்கு மிதி இல்லை. ஓட்டுபவர் காலால் தரையை உந்திச் செல்ல வேண்டும். 1860களில் பாரிசில் முன்சக்கரத்தின் அச்சிலேயே மிதிகளைப் பொருத்தினார்கள். இங்கே ஒரு சிக்கல் தோன்றியது. மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றே சுற்றும். ஆகவே விரைவு வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்குவது தவிர வேறு வழியில்லை. கால் எட்டும் அளவும் பெரிதாக்கி, ஐந்தடி உயரச் சக்கரத்தின் உச்சியில் ஏறி அமர்ந்தார்கள். சிறு கல் இடறினாலும் தலைகுப்புற விழுந்தார்கள். 1885ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் ‘ரோவர்’ என்னும் வண்டியில் மிதியைச் சக்கரத்திலிருந்து பிரித்து நடுவில் வைத்தார். சங்கிலியால் பின்சக்கரத்தை இழுத்தார். சக்கரம் சிறுத்தது, விரைவு குறையவில்லை. 1888இல், பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடுவதற்காகக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சக்கரத்தில் சுற்றினார். இன்று கடைவீதியில் நிற்கும் வண்டியும் அடிப்படையில் அந்த ‘ரோவர்’தான்.

சங்கிலியின் சூட்சுமத்தைச் சற்றே நிதானமாகக் காண்போம். என் பழைய கறுப்பு வண்டியின் முன் பற்சக்கரத்தில் 44 பற்கள், பின்னால் 18. மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுற்றும். வண்டி 5½ மீட்டர் நகரும். சமநிலத்துக்கு இது பொருத்தமே. ஆனால் ஏற்றத்திலும் 5½ மீட்டர்தான், எதிர்க்காற்றிலும் 5½ மீட்டர்தான். வண்டி நம் நிலையறிந்து இரங்குவதில்லை. ஓய்வு பெற்ற பின் முழங்கால் வலி எனக்கு வந்தது. புதுக்கோட்டையிலிருந்து திருமயம் செல்லும் சாலையில் சிற்றேற்றங்களில்கூட இறங்கித் தள்ள நேர்ந்தது. நாற்பது ஆண்டு ஓட்டிய பழக்கத்தை விட்டுவிடுவதா என்னும் கேள்வி எழுந்தது. வீட்டில் உள்ளோர் விட்டுவிடுவதையே விரும்பினர்.

புதிய வண்டியில் முன்னால் இரண்டு பற்சக்கரங்கள், 50 பல்லும் 34 பல்லும். பின்னால் 11 முதல் 32 பல் வரை எட்டு. இவற்றுள் மிக எளிய சேர்க்கை முன் 34, பின் 32. ஒரு சுற்றுக்கு வண்டி 2¼ மீட்டர் மட்டுமே நகரும். மிகக் கடியது முன் 50, பின் 11. ஒரு சுற்றுக்கு 9½ மீட்டர். பழைய நெட்டைச் சக்கர வண்டிகளின் கணக்கில் சொன்னால், எளியது இரண்டே காலடிச் சக்கரம். கடியது பத்தடிச் சக்கரம். பத்தடி உயரச் சக்கரத்தின்மேல் எவர் ஏறி அமர முடியும்? உள்ளங்கை அகலமுள்ள பற்சக்கரக் கொத்து ஒன்று அதனைச் செய்துவிடுகிறது.

இதில் பலர் அறியாத உண்மை ஒன்று உண்டு. கியர் நமக்கு வலிமை தருவதில்லை. விசையைக் குறைத்தால் சுற்றுகளைக் கூட்டுகிறது. சுற்றுகளைக் குறைத்தால் விசையைக் கூட்டுகிறது. செய்யும் வேலை மாறுவதே இல்லை. அப்படியாயின் பயன் என்ன? மனிதக் கால் ஓர் எந்திரம் என்று கொண்டால், அது நிமிடத்துக்கு எழுபது முதல் தொண்ணூறு சுற்று வரை இலேசாகச் சுற்றும்போதே நெடுநேரம் சோராமல் உழைக்கிறது. மெதுவாகவும் அழுத்தியும் மிதித்தால் மூட்டு நோகிறது. ஏற்றம் ஆனாலும் இறக்கம் ஆனாலும், காலின் நடையை மாற்றாமல் சாலையின் குணத்துக்கு வண்டியை மாற்றிக்கொள்வதே கியரின் தொழில். என் முழங்கால் இதனை எந்தப் பாடநூலினும் தெளிவாக எனக்கு உணர்த்தியது. இப்போது திருமயம் வரை இருபது கிலோமீட்டர் இறங்காமல் செல்கிறேன். வீட்டிலும் எதிர்ப்பு அடங்கிவிட்டது. முற்றும் மறைந்தது என்று சொல்லமாட்டேன்.

புதிய வண்டி வாங்குவோர் எல்லாரும் முதலில் வினவுவது எடையை. நானும் ஆவல் பொறுக்காமல் இரண்டு வண்டிகளையும் அரிசி மண்டித் தராசில் நிறுத்துப் பார்த்தேன். பழையது 20 கிலோ, புதியது 10½. பாதி எடை! ஒரு கையால் தூக்கிப் படியேறும்போது உள்ளம் துள்ளுவது மெய்தான். ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. என் எடை 70 கிலோ. என்னையும் சேர்த்தால் 90 கிலோ 80½ ஆயிற்று. ஏற்றத்தில் மிச்சமாவது பத்தில் ஒரு பங்கு உழைப்பு. சமநிலத்தில் அதுவும் இல்லை. இன்னும் ஒரு கிலோ குறைப்பதற்காக மேலும் பல ஆயிரம் ரூபாய் கொடுப்பது பந்தயக்காரருக்குத் தகும். நமக்குத் தகாது என்பது என் கருத்து.

சமநிலத்தில் உண்மையான எதிரி காற்று. காற்றின் எதிர்ப்பு விரைவின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. மணிக்கு 15 கிலோமீட்டரில் செல்பவர் 30 கிலோமீட்டருக்கு உயர்ந்தால் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அதனை வெல்ல நொடிதோறும் செலவிடும் ஆற்றல் எட்டு மடங்காகிறது. சாலை மிதிவண்டியின் கைப்பிடி ஆட்டுக்கொம்புபோல் வளைந்து தாழ்ந்திருப்பது அழகுக்காக அன்று. முதுகைத் தாழ்த்திக் காற்றுக்கு நம் மார்பைக் காட்டாமல் செல்வதற்காக. ஆடி மாதத்தில் தெற்கு நோக்கிச் செல்கையில் தென்மேற்குக் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும்; அப்போது கைப்பிடியின் அடிவளைவைப் பற்றிக் குனிந்தால், யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல் இருக்கும். திரும்பி வருகையில் அதே காற்று முதுகில் நின்று தள்ளும். நம் விரைவும் காற்றின் விரைவும் நெருங்குந்தோறும் காதில் இரைச்சல் குறைந்து, சங்கிலி ஓடும் மெல்லொலி ஒன்றே கேட்கும். அந்த அமைதிக்கு ஈடாக வேறொன்றை நான் அறியேன்.

விழாமல் ஓடுவது எப்படி என்பது இன்னும் சுவையான செய்தி. சுழலும் சக்கரம் பம்பரம்போல் நிமிர்ந்து நிற்கிறது, அதனால் வண்டியும் நிற்கிறது என்று பல நூல்கள் எழுதின. பல ஆசிரியர்களும் அவ்வாறே கற்பித்தார்கள். 1970இல் டேவிட் ஜோன்ஸ் என்னும் ஆங்கிலேய அறிவியலார், எதிர்த்திசையில் சுழலும் சக்கரம் ஒன்றைக் கூடப் பொருத்திப் பம்பர விளைவை ஒழித்துப் பார்த்தார்; அந்த வண்டியையும் ஓட்ட முடிந்தது. 2011இல் அமெரிக்க, டச்சு ஆய்வாளர்கள் பம்பர விளைவும், முன்சக்கரம் கைப்பிடியின் அச்சுக்குப் பின்னே இழுபடும் விளைவும் இல்லாத சிறு வண்டி ஒன்றைச் செய்து, ஆள் இல்லாமலே அது நிமிர்ந்து ஓடுவதைக் காட்டினார்கள். வண்டி எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கமே முன்சக்கரம் திரும்பி, விழப்போகும் பாரத்தின் கீழே சக்கரத்தைக் கொண்டு வருவதுதான் சாரம். குச்சியை விரல் நுனியில் நிறுத்தும் சிறுவன் குச்சி சாயும் பக்கம் விரலைக் கொண்டு செல்கிறான் அல்லவா? அதே வித்தை. வளைவில் திரும்புவதும் இதன்படியே. இடப்பக்கம் திரும்ப விரும்புபவர், தாம் அறியாமலே கைப்பிடியை ஒரு கணம் வலப்பக்கம் திருப்புகிறார். வண்டி இடப்பக்கம் சாய்கிறது. அதன் பின்னரே இடப்பக்கம் திரும்புகிறது. நம்பாதவர்கள் வெறிச்சோடிய மைதானத்தில் ஒரு கையால் இலேசாகத் தள்ளிப் பார்க்கலாம். வானூர்தி கண்ட ரைட் சகோதரர்கள் டேட்டன் நகரில் 1892 முதல் மிதிவண்டிக் கடை நடத்தியவர்கள் என்பதையும் இங்கே நினைக்கலாம்.

எங்கள் சிறுவயதில் இவ்வளவும் தெரியாது. வாடகைச் சைக்கிள் கடையில் ஒரு மணி நேரத்துக்கு வண்டி எடுத்து, இருக்கை எட்டாமையால் சட்டத்தின் நடுவே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகினோம். பழகியவர் அனைவரும் ஆண்பிள்ளைகள். பெண் ஒருத்தி வண்டி ஓட்டினால் தெருவே கூடி நகைத்த காலம் அது. அந்தத் தடை உடைந்ததை நான் இளம் ஆசிரியனாகப் புதுக்கோட்டையில் கண்ணால் கண்டேன். 1991இல் மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுவதையும் பெண்களுக்கான பயிற்சியாக்கியது. அன்று மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெருந்துணை நின்றார். கல்லுடைக்கும் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர் எனப் பலரும் அந்தி வேளைகளில் பொட்டலில் விழுந்தும் எழுந்தும் கற்றார்கள். 1992இல் ஒரே வாரத்தில் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடங்களில் ஓட்டிக் காட்டினார்கள் என்று இதழாளர் பி. சாயிநாத் எழுதியுள்ளார். பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது ஆண்கள் வண்டியையே எடுத்தார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

பின்னாளில் நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளிக்கு, எட்டுக் கிலோமீட்டர் தொலைவிலிருந்து மாணவியர் வந்தார்கள். அவ்வூருக்குக் காலையில் ஒரு பேருந்து, மாலையில் ஒன்று. காலைப் பேருந்து தவறினால் அன்று பள்ளி இல்லை. மாலைப் பேருந்து தவறினால் மறுநாள் முதல் பள்ளியே இல்லை என்று தந்தையர் சொல்லிவிடுவார்கள். அரசின் விலையில்லா மிதிவண்டி வந்த பிறகு அவ்வூரிலிருந்து மேனிலை வகுப்புக்கு வருவோர் கூடினர். நால்வர் ஐவராகச் சேர்ந்து, ஒருத்தி வண்டி பழுதானால் மற்றொருத்தி பின்னால் ஏற்றிக்கொண்டு வருவார்கள். அவ்வண்டிகளைப் படிப்பு முடியுமுன் விற்றுவிடுவோரும், கொல்லையில் மழையில் போட்டுத் துருவேற்றுவோரும் உண்டு என்பதும் உண்மை. மிதிவண்டி ஏழையின் ஊர்தி என்னும் கூச்சமே பெரிதும் காரணம். அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, “சார், உங்க பைக் என்ன ஆச்சு? ரிப்பேரா? நான் கொண்டு போய் விடட்டுமா?” என்று இரக்கத்தோடு கேட்டார். ஒரு மாத ஓய்வூதியத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து இதை வாங்கினேன் என்றதும், என் அறிவுக்கு என்ன நேர்ந்தது என்பதுபோல் பார்த்தார். மேரி கியூரியும் பியரி கியூரியும் 1895இல் மணம் முடித்தபோது, பரிசாக வந்த பணத்தில் இரண்டு மிதிவண்டிகள் வாங்கிக் கிராமங்களைச் சுற்றி வந்த கதையை அவருக்குச் சொன்னேன். அவர் முகம் சற்றே தெளிந்தது.

புதிதாக வாங்குவோர் வண்ணத்தைப் பாராமல் அளவைப் பார்க்க வேண்டும். சட்டத்தின் இருபுறமும் காலூன்றி நின்றால் மேற்கம்பி உடலைத் தொடாமல் இடைவெளி இருக்க வேண்டும். இருக்கையில் அமர்ந்து, மிதி கீழே இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்பதால் முழங்கால் சற்றே மடங்கி இருக்கும். நம்மவருள் பலர் இருக்கையைத் தாழ்த்தி வைத்து முழங்காலை வருத்துகிறார்கள். நிறுத்தும்போது பாரம் முன்னே சாய்வதால் முன் பிரேக்குக்கே வலிமை மிகுதி. ஆனால் அதனை மட்டும் திடீரென இறுக்கலாகாது. தலைக்கவசமும் பின்விளக்கும் வேண்டும்.

மெல்லிய டயருக்கு நம் பக்கத்தில் பெரும்பகை ஒன்று உண்டு. அது வேலிக்கருவை முள். சாலையோரத்தில் வெட்டிப் போட்ட கிளைகளிலிருந்து காற்றில் வந்து கிடக்கும், ஆணியினும் கூர்மை. முள் ஏறிய உடனே காற்று இறங்குவதில்லை. மறுநாள் காலையில்தான் சக்கரம் தட்டையாகத் தெரியும். ஆகவே வீடு திரும்பியதும் வண்டியைச் சாய்த்து வைக்குமுன் இரண்டு சக்கரங்களையும் மெல்லச் சுழற்றி, ஈரத்துணியால் டயரைத் துடைத்துக் கண்ணால் சுற்றிப் பார்த்துவிடுகிறேன். கரிய ரப்பரில் பழுப்பு நிறப் புள்ளி ஒன்று தென்பட்டால் அதுதான் முள். நகக்கண்ணால் முடியாது, சிறு இடுக்கி வேண்டும். வாரம் ஒரு முறை காற்றழுத்தத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். குறைந்த காற்றில் ஓடும் டயர் மெதுவாகவும் ஓடும், விரைவில் பஞ்சரும் ஆகும். என் வண்டியின் வால்வுக்குச் சைக்கிள் கடைப் பம்பு பொருந்தவில்லை. கடைக்காரர் இரண்டு நாள் தேடி, விரல்நுனி அளவுள்ள பித்தளைத் திருகு ஒன்றை வாங்கிவைத்தார். இப்போது அது என் சட்டைப்பையில், பேனாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.