ஊரறிந்த உணவு

விடுமுறை நாளில் வெளியூர் செல்லும் மாணவர் பலர், பசித்த பிறகே உணவு விடுதியைத் தேடுகின்றனர். அவ்வேளையில் பெயர்ப் பலகையின் பகட்டுக்கு மயங்கி, ஆறிப்போன பண்டத்தை உண்டு வயிற்று நோயுடன் திரும்புவதும் உண்டு. ஆகவே, பசி முற்றுமுன்பே அவ்வூராரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, "நீங்கள் எங்கே உண்கிறீர்கள்?" என்பது. ஊரார் நாள்தோறும் நாடும் கடையில் பண்டம் தேங்குவதில்லை. ஆவி பறக்கும் உணவு அப்போதைக்கப்போது இலைக்கு வருகிறது.

இரண்டாவது, "உங்கள் ஊருக்கென உரிய பண்டம் யாது?" என்பது. கோவிற்பட்டியில் கரிசல் நிலத்து நிலக்கடலை வெல்லப்பாகுடன் கூடிக் கடலைமிட்டாய் ஆகிறது. 2020-ஆம் ஆண்டில் அது புவிசார் குறியீடும் பெற்றது. காஞ்சிபுரத்திலோ, மிளகும் சீரகமும் சுக்கும் சேர்ந்த மாவு, மந்தாரை இலை பரப்பிய மூங்கிற் குடலையில் வெந்து கோயில் இட்டிலி ஆகிறது.

கேட்டறிந்து உண்பவருக்கு உடல் நலமும் கெடாது. ஊரின் இயல்பும் விளங்கும்.