சுவாசவழிக் கழியொலியும் நெஞ்சறைச் சிறைப்பைகளும்

இரு நுரையீரல்களுக்கும் இடையே இதயம், பெருங்குருதிக் கலன்கள், வாதனாளி, களம் ஆகியன நெருங்கிக் கிடக்கும் நெஞ்சறை நடுப்பகுதி, வைத்தியரின் கைக்கு எளிதில் எட்டாத இடமாகும். அங்கு காணப்படும் ஒரு திணிவு புற்றுநோயா, காசத்தால் வீங்கிய நிணநீர்க் கணுவா, அன்றித் தீங்கற்ற சிறைப்பையா என்பதை அறிவதற்காகவே சத்திரசிகிச்சைக்கு உட்பட்டோர் பலர். அந்நிலையை மாற்றிய ஒரு கருவியையும், அதனால் எழுந்த ஒரு சபலத்தையும் பற்றியே நாம் இங்கு கூற விழைகின்றோம்.

இச்சிறைப்பைகளுள் முக்கியமானவை சுவாசக்குழாய் வழிவந்தவை. கருவளர்ச்சியின் தொடக்க வாரங்களில், முன்குடலிலிருந்து சுவாசத்தொகுதி அரும்பும்போது, வழிதவறிய ஓர் அரும்பே பின்னர் சீதம் நிரம்பிய பையாகின்றது. அதன் உட்சுவரில் பிசிர்கொண்ட மேலணியும், சிலவேளைகளில் சுவரினுள் கசியிழையமும் காணப்படுவது இப்பிறப்பு வரலாற்றின் சான்றாகும். வாதனாளி இரண்டாகக் கவர்விடும் இடத்தை அண்டியே இவை பெரும்பாலும் அமைகின்றன.

நீர் நிரம்பிய பையைச் சி.ரி. ஸ்கான் இனங்காணாதா எனக் கேட்கலாம். தெளிந்த நீராயின் இனங்காணும். அதன் அளவீடு 0 முதல் 20 ஹவுன்ஸ்பீல்ட் அலகு வரை அமையும். ஆனால் புரதமோ கல்சியமோ செறிந்த சீதம் இவ்வெல்லையைத் தாண்டிவிடும். அப்போது பை, திண்மக் கட்டியாகத் தோற்றமளிக்கும்.

கழியொலி காற்றைக் கடந்து செல்வதில்லை. நெஞ்சின் வெளியிலிருந்து நோக்கின் நுரையீரலே திரையாகின்றது. எனவே ஒலியை உள்ளிருந்தே செலுத்தவேண்டும். வாய்வழியே வாதனாளிக்குள் செல்லும் நெகிழ்குழாயின் நுனியில் கழியொலிக் கருவியைப் பொருத்தி, நீர் நிரப்பிய சிறு பலூனால் அதனைச் சுவரோடு ஒட்டச் செய்வர். படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்தும் முறை பற்றி யப்பானின் சிபா பல்கலைக்கழகக் குழுவினர் 2004 இல் வெளியிட்ட ஆய்வின் பின் இது பரவலாயிற்று.

திரையில் சிறைப்பை கரிய, ஒழுங்கான விளிம்புடைய உருவாகத் தோன்றும். ஒலியைத் தடையின்றி விடுவதால் அதன் பின்னுள்ள இழையம் ஒளிர்ந்து காட்டும். டொப்ளர் முறையில் உள்ளே குருதியோட்டம் புலப்படாது. குருதிக்கலனைப் பையென மயங்கிக் குத்திவிடாதிருக்க இது பேருதவியாகும். சீதம் தடித்திருப்பின் உள்ளே புள்ளிகள் தோன்றுவதுமுண்டு.

இங்குதான் சபலம் எழுகின்றது. ஊசி கையிலிருக்க, அதனைச் செலுத்தாதிருப்பது அரிது. ஆயினும் வாயிலும் தொண்டையிலும் உள்ள பக்டீரியாக்கள் ஊசியோடு மூடிய பைக்குள் புகுமாயின், குருதியோட்டமற்ற அத்தேக்கத்தில் அவை செழித்து வளரும். நெஞ்சறை நடுப்பகுதியின் அழற்சி உயிராபத்தானது. இம்முறையின் பின் அது நேர்ந்த சம்பவங்கள் வைத்திய ஏடுகளில் பதிவாகியுள்ளன. நுண்ணுயிர்கொல்லி மருந்து வழங்கும் வழக்கம் உண்டெனினும் அது முழுக்காப்பன்று. மேலும், நீரை அகற்றினும் சீதம் சுரக்கும் மேலணி எஞ்சுவதால் பை மீண்டும் நிரம்பலாம்.

ஆகவே படம் ஐயமற்றதாயின் குத்தாமல் விடுவதே முறையென நாம் கருதுகின்றோம். திண்மக் கட்டியோ என்னும் ஐயம் நீங்காதவிடத்து ஊசிக்கு நியாயமுண்டு. பை வாதனாளியை நெரித்து மூச்சுத் திணறச் செய்யும்போதும், நோயாளி சத்திரசிகிச்சையைத் தாங்கமாட்டாதபோதும் நீரகற்றல் உயிர்காக்கும். அவ்வேளை பையை இயன்றவரை முற்றாக வெறுமையாக்குவர். நிலையான தீர்வு பையை முழுமையாக வெட்டியகற்றுவதே. அறிகுறியற்ற வளர்ந்தோரில் அதனை உடனே செய்வதா, கண்காணித்திருப்பதா என்பதில் வைத்தியரிடையே இன்னும் கருத்தொருமை ஏற்படவில்லை.