தீப்புண்ணுக்குத் தேன் தடவலாமா?
ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் நர்ஸாக இருக்கிறேன். வெல்டிங் பொறி பட்ட கையோடு வரும் பையன்கள், "அக்கா, தேன் தடவலாமா?" என்பார்கள். பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிட முடியாத கேள்வி அது.

சோலாப்பூர் மருத்துவர் சுப்ரமணியம் 1991-இல் வெளியிட்ட ஆய்வில் 104 நோயாளிகள். பாதிப் பேருக்குத் தேன், மீதிப் பேருக்கு சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு. 7 நாளில் தேன் போட்ட புண்களில் 91 சதவீதத்தில் கிருமி இல்லை. களிம்பில் 7 சதவீதம்தான். தேனின் அடர்ந்த சர்க்கரை கிருமியின் ஈரத்தை உறிஞ்சுகிறது. அமிலத்தன்மையும், மெல்லச் சுரக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் துணை நிற்கின்றன.

ஆனால் இன்று காயத்துக்குக் கட்டுவது காமா கதிரால் கிருமி நீக்கிய மருத்துவத் தேன். கடைப் பாட்டில் அல்ல.

தம்பிகளா, சுட்டதும் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டுங்கள். பேஸ்ட் வேண்டாம். கொப்புளம் பெரிதென்றால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.